மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போர் விடுமுறையில் ஊர் திரும்புமுன், "வீட்டுக்கு என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்பது நம்மவர் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். வாசனைத் தைலம், கம்பளி, கைபேசி என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லி விடையளித்துவிடுவதும் வழக்கமே. இவ்வாண்டு நம் இல்லத்துக்கு வந்த கேள்வி அவ்வளவு எளிதாய் அமையவில்லை. பஹ்ரைனில் இருக்கும் இளைய மைத்துனர், கடலுக்குச் செல்லும் தம் தமையனாருக்குப் புதிய ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கி வருவதாகத் தெரிவித்தார். தமையனாரோ, தகப்பனார் விட்டுச்சென்ற பழைய கைக்கருவியே போதும் என்றார். மாமியாருக்குப் புதியதன்மேல் விருப்பம். முடிவில் எல்லாரும் சேர்ந்து, "எழுத்தும் கணக்கும் அறிந்தவர் சொல்லட்டும்" என்று வழக்கை நம்மிடம் அனுப்பிவிட்டனர். பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தராய் இருக்கும் ஒருவருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று அவர்களுள் ஒருவரேனும் எண்ணிப் பார்க்கவில்லை. நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றிலும் இக்கேள்வி எழக்கூடும் ஆதலால், விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதத் துணிந்தோம்.

மனைவியின் பிறந்தகம் பொழியூர்க் கரை. பாறசாலைக்குத் தென்மேற்கே, நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடைசிக் கடற்கரை அது. அதை அடுத்த கரை நீரோடி. அது கன்னியாகுமரி மாவட்டம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்தக் கோடு மணலோடு நின்றுவிட்டது. இரு கரையாரும் இன்றுவரை ஒரே பார்களில்தான் தூண்டில் இடுகின்றனர். பார் என்பது கடலடியில் உள்ள பாறைத் திட்டு. கலவாயும் கணவாயும் அங்கேதான் கூடும். பார் எங்கே இருக்கிறதென்று அறிந்தவனுக்கே கடல் சோறு போடும்.

மாமனார் காலத்தில் பாரை அடைவதற்குக் கருவி இல்லை; கணிச்சம் இருந்தது. சிலர் கணியம் என்பர். கரையிலுள்ள ஓர் உயர்ந்த தென்னை, அதற்குப் பின்னே தெரியும் மலைமுகட்டோடு ஒரே நேராய் வரும்வரை வள்ளத்தைச் செலுத்துவர். அது ஒரு கோடு. மற்றொரு பக்கத்தில் தேவாலயக் கோபுரம் வேறொரு குன்றின் சரிவோடு பொருந்தவேண்டும். அது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினால் பார் தட்டுப்படும். பள்ளிக்கூடத்தில் நாம் வடிவகணிதம் என்று படித்து மறந்ததை, எழுத்தறியாத பெரியவர்கள் அலைமேல் நின்று நாள்தோறும் செய்துவந்தனர். அகத்தியர் மலை 1868 மீட்டர் உயரமுடையது. வானம் தெளிந்த விடியற்காலையில் வெகுதூரம்வரை அது அவர்களுக்குத் துணை நின்றது. மூடுபனியும் மழையும் வந்தால் கணிச்சம் கைவிட்டுவிடும்.

கணிச்சத்துக்கு வேறொரு பகையும் உண்டு. நிலத்தின் அடையாளங்கள் நிலையானவை அல்ல. பொழியூர்க் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வருவதை ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் காண்கிறோம். மாமனார் கண்ணுக்குப் பழகிய தென்னைகளுள் பல இன்று இல்லை. அவை நின்ற மணலே இல்லை. மலை அங்கேயே இருக்கிறது, அதனோடு நேர் பிடிப்பதற்கு முன்னால் நின்ற மரம் போய்விட்டது. ஒரு மரம் விழுந்தால் அதோடு நான்கைந்து பார்களின் வழியும் விழுந்துவிடும் என்று மூத்த மைத்துனர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இந்நிலையில்தான் 2004ஆம் ஆண்டு அந்தக் கைக்கருவி வீட்டுக்கு வந்தது. சோப்புப் பெட்டி அளவு. சாம்பல் நிறத் திரை. பென்சில் பாட்டரி போட்டால் இயங்கும். அதன் உள்விவரம் நம் போன்றோருக்கு முழுவதும் விளங்காது எனினும், விளங்கியவரை சொல்லுவோம். பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்க அரசின் செயற்கைக் கோள்கள் நாளுக்கு இருமுறை சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்பதே அவை ஓயாமல் அனுப்பும் செய்தி. நான்கு கோள்களின் செய்தி வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடத்தில் 300 மீட்டர் பிசகும் என்றால், அந்தக் கடிகாரங்களின் நேர்மையை என்னென்பது! நம் நிலையக் கடிகாரத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

பொதுமக்களுக்குக் கிடைக்கும் குறிப்பில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பும் வழக்கம் அந்நாட்டு இராணுவத்துக்கு முன்பு இருந்தது. அதனால் இடம் நூறு மீட்டர்வரை தவறக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அதன்பின் எளிய கைக்கருவியும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் இடம் காட்டலாயிற்று. மாமனார் ஓராண்டு முழுதும் கணிச்சம் பார்த்துப் பாரின்மேல் நின்று, கருவியின் பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு பாராக அதில் சேமித்தார். 500 புள்ளிகள் கொள்ளும் கருவியில் 137 புள்ளிகள் சேர்ந்தன. அவர் 2015இல் காலமானார். கருவி மூத்த மைத்துனருக்கு வந்தது.

அதற்கு இப்பொழுது வயதாகிவிட்டது. பொத்தான்களின் எழுத்து அழிந்துவிட்டது. திரையின் ஒரு மூலை கறுத்திருக்கிறது. வேடிக்கையான குறை ஒன்றும் உண்டு: 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அதன் தேதி 1999க்குத் திரும்பிவிட்டது, அன்றுமுதல் பின்தங்கியே காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதென்று வீட்டார் அப்பொழுதே முடிவு கட்டினர். உண்மை வேறு. கோள்கள் வாரங்களை எண்ணி அனுப்புகின்றன. அந்த எண் 1024 வாரங்கள் ஆனதும் மறுபடி சுழியிலிருந்து தொடங்கும். முதற்சுற்று 1999 ஆகஸ்டிலும் இரண்டாம் சுற்று 2019 ஏப்ரலிலும் முடிந்தன. சில பழைய கருவிகளுக்கு மூன்றாம் சுற்று தொடங்கியது தெரியவில்லை. ஆதலால் சூரிய உதயம், அஸ்தமனம் ஆகியவற்றுக்கு அதை நம்புதல் கூடாது, இடத்தை நம்பலாம். மைத்துனர் ஆறு ஆண்டுகளுக்கு மேலாய் அவ்வாறே நம்பிப் பார்களுக்குப் போய் மீனோடு திரும்புகிறார்.

"தேதி பார்க்க வீட்டில் காலண்டர் இருக்கிறது, மச்சான், கடலில் எனக்கு இடம்தான் வேண்டும்" என்றார். இந்த வாதத்துக்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

புதிய கைக்கருவியில் என்ன மேன்மை என்று ஆராய்ந்தோம். அமெரிக்கக் கோள்களோடு உருசிய, ஐரோப்பியக் கோள்களையும் அது கேட்கும். இடம் இன்னும் சில மீட்டர் துல்லியமாகும். வண்ணத்திரை, கடல் வரைபடம், ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு இடம் ஆகியவையும் உண்டு. எல்லாம் நல்லவையே. எனினும் பத்து மீட்டர் நீள வள்ளம், நீரோட்டத்தில் நகர்ந்துகொண்டே, பல நூறு மீட்டர் பரந்த பாரின்மேல் தூண்டில் இடுகையில், மூன்று மீட்டர்த் துல்லியத்தால் மீனுக்கு என்ன நட்டம்? ஆசைப்பட்டு வாங்குவோரை நாம் தடுக்கவில்லை. தேவை என்று சொல்ல மட்டும் மனம் இசையவில்லை. கைபேசி இருக்கிறதே என்று இளையவர் கேட்டார். கோபுரத் தொடர்பு இல்லாத இடத்திலும் கைபேசி கோள்களைக் கேட்கும் என்பது மெய். ஆயினும் உப்புநீர் பட்ட விரலுக்குத் திரை பணியாது; மின்சாரம் தீர்ந்தால் நடுக்கடலில் ஊற்றிக்கொள்ள வழியில்லை. பென்சில் பாட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

அப்படியானால் பழையதையே வைத்துக்கொள்வது சரி என்று எழுதிக் கடிதத்தை முடித்துவிட்டிருப்போம். ஒக்கியை நினைத்தபோது பேனா நின்றது.

2017ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், கடலுக்குப் போகவேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தபொழுது, நெடுந்தொலைவு போன படகுகள் ஏற்கெனவே கடலில் இருந்தன. மறுநாள் காலை அது புயலாயிற்று. இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஆகிய கரைகளிலும், கேரளத்துப் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய கரைகளிலும் மாண்டோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கணக்கினர். மாமியாரின் உறவினர் இருவர் நீரோடியிலிருந்து போனவர்கள், திரும்பவில்லை. டிசம்பர் 7ஆம் நாள், காணாமற்போனவர்களைத் தேடக் கோரி ஆயிரக்கணக்கான மக்கள், பெண்களும் பிள்ளைகளுமாக நடந்துவந்து, குழித்துறை இரயில் நிலையத்துத் தண்டவாளத்தில் அமர்ந்தனர். இரவு வெகுநேரம்வரை வண்டிகள் ஓடவில்லை. அன்று நாம் பணியில் இருந்தோம். "வண்டி எப்போது வரும்?" என்று கேட்ட பயணிகளுக்கு நாம் சொல்லிய விடை, "தெரியாது" என்பதே. மைத்துனரும் அக்கூட்டத்தில் இருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அந்தப் படகுகளில் கருவி இல்லாமல் இல்லை. தூத்தூர்க் கரையார் சுறாவைத் தேடிக் குஜராத்துக்கும் இலட்சத்தீவுக்கு அப்பாலும் செல்பவர்கள். கைக்கருவி இன்றிக் கடலேறுபவர்கள் அல்லர். தாம் எங்கே இருக்கிறோம் என்பது, கருவி நனைந்து அணையும்வரையில், அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கரையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எந்தத் திக்கில் கப்பலை அனுப்புவது என்று கேட்டவர்களுக்குக் காட்ட ஓர் எண்ணும் எவரிடமும் இல்லை.

நம் துறையில் இது பழைய பாடம். வண்டி எங்கே போகிறதென்று ஓட்டுநருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதனால்தான், வண்டி கடந்ததை ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் கட்டுப்பாட்டு அறைக்கு அறிவித்துவந்தோம். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு 1979இல் வண்டி ஓடத் தொடங்கிய நாள்முதல் பாறசாலையிலும் அதுவே வழக்கம். இன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் துணையோடு எஞ்சின்களில் பொருத்தப்பட்டுவரும் கருவிகள், தம் இடத்தை அரை நிமிடத்துக்கு ஒருமுறை தாமே அனுப்பிவிடுகின்றன. தண்டவாளத்தைவிட்டு அங்குலம் விலகமுடியாத வண்டிக்கே இவ்வளவு ஏற்பாடு என்றால், வழியே இல்லாத கடலில் போகிறவனுக்கு எவ்வளவு வேண்டும்!

இதை இளைய மைத்துனருக்குச் சொன்னோம். அவர் மகிழ்ந்து, செயற்கைக் கோள் வழியே செய்தி அனுப்பும் கைக்கருவிகளும் அங்கே கடைகளில் இருக்கின்றன, அதையே வாங்கிவிடுகிறேன் என்றார். வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இன்றிச் செயற்கைக் கோள் தொலைபேசியையோ, அவ்வாறு செய்தி அனுப்பும் கருவியையோ இந்தியாவுக்குள் கொண்டுவருதல் குற்றம். அறியாமல் பையில் வைத்திருந்த வெளிநாட்டார் சிலர் விமான நிலையத்திலேயே கைதாகியிருக்கின்றனர். அன்பளிப்பு என்பது அங்கே எடுபடாது.

முறையான வழி உள்நாட்டிலேயே இருக்கிறது. 2019 அக்டோபரில் வெளியான ஜெமினி என்ற கருவி, நம் நாட்டுக் கோள்வழியே புயல் எச்சரிக்கையையும் மீன்வளக் குறிப்பையும் கடலில் இருப்பவனுக்குத் தரும். அவனிடமிருந்து செய்தியைப் பெறாது. ஒக்கியின்போது அதுவேனும் இருந்திருந்தால் பலர் திரும்பியிருப்பர். அதன்பின் இருவழிக் கருவியும் உருவாயிற்று. கடலிலிருந்து சிறு செய்தியும் ஆபத்துக் குரலும் கரைக்கு வந்துசேரும். படகின் இடமும் தெரியும். 1,00,000 படகுகளுக்கு அதை விலையின்றிப் பொருத்தும் திட்டத்தை 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் மகாராஷ்டிரத்துப் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்தார். மாநில மீன்வளத் துறைகளே வழங்குகின்றன. ஆதலால் வள்ளம் எந்த மாநிலத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கே கேட்கவேண்டும். எல்லையோரத்தார் இதில் விழிப்பாய் இருத்தல் நன்று. அண்ணன் பொழியூரிலும் தம்பி நீரோடியிலுமாய் ஒரே வள்ளத்துக்குப் பங்காளிகளாய் இருப்போர் இக்கரைகளில் உண்டு.

மைத்துனரின் வள்ளத்துக்குப் பெயர் பதிந்தாயிற்று. முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். இளையவரின் பணத்தில் புதிய கைக்கருவி வாங்கவேண்டாம் என்றும், உரிமம் பெற்று ஒரு வி.எச்.எஃப். வானொலியும், வள்ளத்தில் ஏறும் நால்வருக்கும் மிதவைச் சட்டையும் வாங்கவேண்டும் என்றும் தீர்ப்பளித்தோம். வானொலியின் 16ஆம் தடம் ஆபத்துக்கு உரியது. கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணைக் கரையிலுள்ளோரும் நினைவில் வைக்கலாம். மாமியாருக்குத் தீர்ப்பில் முழுத் திருப்தி இல்லை. வண்ணத்திரை போயிற்றே என்பது அவர் குறை.

பழைய கருவி பற்றி ஒன்று எஞ்சியிருந்தது. அது நின்றுவிட்டால் 137 பார்கள் என்னாகும்? உள்ளே நினைவைக் காக்கும் சிறு பாட்டரிக்கும் ஆயுள் உண்டாம். கணினிக்கு மாற்ற வேண்டிய கம்பி இக்காலக் கணினிகளில் பொருந்தாது. நகரத்துக் கடையொன்றில் இலவசமாகவே மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். மைத்துனர் கருவியை மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவர் அச்சம் நியாயமானது. அக்காலத்தில் பாரின் வழியைக் களவாட வேண்டுமானால் மாமனாரோடு பத்து ஆண்டு துடுப்புப் போட்டிருக்கவேண்டும். இன்று அரை நிமிடத்தில் 137 எண்களும் வேறொரு கருவிக்குப் போய்விடும். மறுவாரமே அப்பார்களில் இருபது வள்ளம் நிற்கும்.

ஆகவே கையால் எழுதுவதென்று முடிவாயிற்று. இது நமக்குப் பழகிய வேலை. எனினும் கவனம் வேண்டும். ஒரு பாகைக்கு அறுபது கலை. ஒரு கலை 1,852 மீட்டர். பத்தில் ஒரு பங்கு தவறினால் 185 மீட்டர் போயிற்று. கலையின் பின்னங்களாய் உள்ளதை விகலை என்று நினைத்து எழுதிவிட்டால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தவறக்கூடும். மனைவி வாசிக்க நாம் எழுதினோம். பின்பு நாம் வாசிக்க அவர் கருவியைப் பார்த்துச் சரி சொன்னார். இரண்டு இரவுகள் ஆயின. மாமியாரும் மைத்துனரும் பக்கத்தில் அமர்ந்து, கருவியின் ஆறெழுத்துச் சுருக்கங்களுக்கு உரிய பெயரையும், நினைவில் இருந்த கணிச்சத்தையும் சொல்லிவந்தனர். எண்ணுக்கு எதிரே அதையும் எழுதினோம். "இன்ன தென்னை" என்று வந்த இடங்களில், "இப்பொழுது இல்லை" என்று அடைப்புக்குள் குறித்தோம்.

64ஆம் புள்ளியில் நாம் நிறுத்தினோம். அதன் எண்கள் மற்றவற்றோடு பொருந்தவில்லை. ஏதோ ஒரு பாருக்கு உரியது ஆகாதபடி அவ்வளவு கரைக்கு அருகே இருந்தது. இருமுறை வாசித்தும் அதே எண். சுருக்கப் பெயர் "வீடு" என்று இருந்தது. கருவி வாங்கிய நாளில், பொத்தான் அழுத்திப் பழக, வாசலில் நின்று மாமனார் சேமித்தது அது என்றார் மைத்துனர். அந்த வீடும் அதன் முன்னிருந்த மணலும் கடலுக்குள் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. குடும்பம் உள்ளே தள்ளிக் குடியேறியிருக்கிறது. பார் அல்லாததை விட்டுவிடலாமா என்று கேட்டோம்.

"அதையும் எழுதும் மருமகனே, அங்கேயும் இப்போ தண்ணிதானே" என்றார் மாமியார்.

எழுதினோம்.